நெற்றியில் தொடங்கினேன்

கழுத்தில்தான் தொடங்க வேண்டும். முன்பு பெண்கள் பத்திரிகையோடு வந்த இலவச இணைப்பில் அப்படித்தான் போட்டிருந்தது, இப்போது மகள் சுகந்தியின் கைபேசியில் ஓடும் வீடியோவிலும் அந்தப் பெண் கழுத்தில்தான் கை வைக்கிறாள், காறை எலும்பிலிருந்து தாடைக்கு, கீழிருந்து மேலே, ஒருபோதும் மேலிருந்து கீழே இல்லை, கீழே இழுத்தால் தோல் தொங்கிவிடுமாம். எனக்கு இதெல்லாம் மனப்பாடம். தெரிந்தும் நெற்றியில் கை வைத்துவிட்டேன். என் மகள் முக்காலியில் எனக்கு முதுகு காட்டி உட்கார்ந்து, என் மடியில் மடித்துப் போட்ட துண்டின்மேல் தலையைச் சாய்த்துக் கண்ணை மூடியிருக்கிறாள். ஞாயிற்றுக்கிழமை, மணி பத்துகூட ஆகவில்லை. திருப்பூரிலிருந்து முதல் பஸ் பிடித்து வந்திருக்கிறாள், வருகிறேன் என்று நேற்றுகூடச் சொல்லவில்லை. "ஏஞ்சாமி, திடீர்னு?" என்றேன். "ஏன், அப்பனூட்டுக்கு வர்றதுக்கு மனுப் போட்டுட்டு வரோணுமா?" என்றாள். வந்ததும் வராததுமாக, வர்ற வியாழக்கிழமை பொள்ளாச்சியில் நாத்தனார் மகள் கல்யாணம், முகமெல்லாம் தொங்கிப்போய்க் கிடக்கிறது, அம்மாவுக்குச் செய்து விடுவீர்களே, அந்த மாதிரி எனக்கும் செய்து விடுங்கள் என்று உட்கார்ந்துவிட்டாள். மறந்து போச்சு என்றேன். "கை மறக்குமுங்களா" என்று அடுக்களைக்குப் போய்ப் பாதாம் எண்ணெயையும் நல்லெண்ணெயையும் கலந்து, கிண்ணத்தை வெந்நீரில் வைத்துச் சூடு பண்ணி எடுத்து வந்தாள். கை மறக்கவில்லை. அதுதான் பயம். எண்ணெய் தொட்டதுமே பத்து விரலும் தானாக அகன்றுகொண்டன, பழகிய மாடு கொட்டிலுக்குத் திரும்புவது போல நேரே கழுத்துக்குப் போகப் பார்த்தன, நான்தான் இழுத்துப் பிடித்து நெற்றியில் வைத்தேன். ஒற்றைக் கண்ணைத் திறந்து கைபேசியைப் பார்த்தாள். "இதுல கழுத்துல இருந்துதானுங்ப்பா ஆரம்பிக்கறாங்க." "உங்கம்மாவுக்கு நான் நெத்தியிலதான் ஆரம்பிப்பேன்." பொய். ஒரு நாளும் இல்லை. அவள் சரி என்று கண்ணை மூடிக்கொண்டாள். நெற்றி, பிறகு புருவம், கண், மூக்கோரம், கன்னம், வாயோரம், தாடை. ஏழு இடம் இருக்கிறது கழுத்துக்கு முன்னால். ஒவ்வொன்றுக்கும் இரண்டு நிமிஷம் எடுத்துக்கொண்டால் பதினாலு நிமிஷம். அதற்குள் யாராவது அழைப்பு மணி அடிக்கலாம். பால் கணக்குக்கோ, பேப்பருக்கோ, யாராவது. அவளுக்கே கால் மரத்துப்போய், போதும் என்று எழுந்துவிடலாம்.

நெற்றி ஒன்றும் செய்யாது. நெற்றிக்குக் கீழே எலும்பு, எலும்புக்கும் தோலுக்கும் நடுவில் ஒளிந்துகொள்ள இடம் கிடையாது. நடுவிலிருந்து கன்னப்பொட்டு வரைக்கும் இரண்டு கையாலும் தள்ளிக்கொண்டு போகிறேன், இடது புருவத்துக்கு மேலே அம்மைத் தழும்பு, ஏழு வயதில் வந்தது, சொரியாதே சொரியாதே என்று கையில் துணி கட்டிவிட்டும் ஒன்றைப் பிய்த்துவிட்டாள், அந்தக் குழி விரலுக்குத் தட்டுப்படுகிறது, குழிதான், மேடு இல்லை, குழிக்குப் பயப்பட வேண்டியதில்லை. இந்த விரல்கள் முப்பத்தொரு வருஷம் கணபதிப் பகுதிப் பட்டறை ஒன்றில் மோட்டார் காயில், கம்பிச் சுருள், கட்டின விரல்கள். செம்புக் கம்பி உருளையிலிருந்து அச்சுக்கு ஓடும்போது கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் விட்டுக்கொண்டே இருப்பேன், எனாமல் பூச்சில் முடி கனத்துக்கு ஒரு கீறல் இருந்தாலும் விரல் நின்றுவிடும். கண்ணுக்குத் தெரியாது. லென்ஸ் வைத்துப் பார்த்தால்தான் தெரியும். பட்டறை முதலாளி மற்றவர்கள் கட்டின காயிலை மீட்டர் வைத்துப் பார்ப்பார், என்னுடையதை அப்படியே வார்னிஷில் முக்கச் சொல்லுவார். "உன்ற வெரலு சொன்னாச் சரி" என்பார். விரல் சொன்னது எப்போதும் சரியாகத்தான் இருந்தது. இந்த ஆறு வருஷமாக விரலை எதையும் சொல்லவிடாமல் வைத்திருக்கிறேன். குளிக்கும்போது கழுத்துக்கு மட்டும் காய்ந்த பீர்க்கங்காய் நார்தான், கை படாது. சவரம் பண்ணும்போது தாடையோடு நிறுத்திக்கொண்டு, கழுத்தை முடி திருத்தும் கடையில் விட்டுவிடுகிறேன், கடைக்காரர் கையில் ஏதாவது தட்டுப்பட்டாலும் சொல்லமாட்டார் என்று ஒரு தைரியம். பேரப்பிள்ளை பிறந்தபோது எல்லோரும் வாங்கி வாங்கிக் கொஞ்சினார்கள், நான் தொட்டிலை ஆட்டுவதோடு சரி. அப்பாவுக்கு அம்மா போனதிலிருந்து ஒட்டுதலே இல்லாமல் போய்விட்டது என்று சுகந்தி மாப்பிள்ளையிடம் சொன்னது என் காதில் விழுந்தது. ஒட்டுதல் இல்லாமல் இல்லை. தொட்டால் எதையாவது கண்டுபிடித்துவிடுவேனோ என்றுதான்.

"தூங்கிட்டியா?" "இல்லீங்க." புருவத்தைக் கிள்ளிக் கிள்ளி விட்டுக்கொண்டு வருகிறேன், கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும், மூக்குப் பக்கமிருந்து காதுப் பக்கம். தலைகீழாகப் பார்த்தால் எந்த முகமும் வேறு முகம் மாதிரி ஆகிவிடுகிறது. வாய் மேலே, கண் கீழே, அந்தப் பக்கம் நீண்டு கிடக்கிற கழுத்து. கழுத்தைப் பார்க்காமல் கண்ணையே பார்க்கிறேன். மூடிய இமைக்குள் கருவிழி ஓடிக்கொண்டிருக்கிறது, இவள் ஓய்வாக இல்லை, எதையோ நினைத்துக்கொண்டிருக்கிறாள். இவள் அம்மா துளசிமணியும் இப்படித்தான் கண்ணை மூடிக்கொண்டு, ஆனால் அவள் பேசிக்கொண்டே இருப்பாள், அரிசி விலை, பக்கத்து வீட்டு நாய், அவள் அண்ணன் பெண்டாட்டி கட்டியிருந்த சேலை. இந்த மசாஜே ஒரு வளைகாப்பில் வந்த வினை. அவளுக்கு அப்போது நாற்பத்தெட்டு, எனக்கு ஐம்பத்தாறு. எனக்கு உடம்பு ஒல்லி, தலை நரைக்கவில்லை, கண்ணாடி போடவில்லை. பந்தியில் பக்கத்தில் உட்கார்ந்த ஓர் அம்மாள், "இவிங்க உங்க அக்காளுங்களா?" என்று என்னைக் கேட்டுவிட்டாள். நான் சிரித்திருக்கக் கூடாது. சிரித்துவிட்டேன். துளசி இலையில் இருந்த பாயசத்தைத் தொடாமல் எழுந்தாள். வீட்டுக்கு வந்து கண்ணாடி முன்னால் நின்று கன்னத்தை இரண்டு கையாலும் மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டு, "ஏனுங்க, இப்படி இருந்தனா நானு, கல்யாணத்தப்போ?" என்றாள். இப்போதும் அப்படித்தான் இருக்கிறாய் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. எனக்கு எப்போதுமே வாய் சரியான நேரத்துக்கு வராது. மறுவாரம் அந்த இணைப்புப் புத்தகம் வந்தது, முகத்தின் படம் போட்டு அம்புக்குறி அம்புக்குறியாக, வீட்டிலேயே செய்யலாம், பத்து வயது குறையும். அவளுக்கு வலது மணிக்கட்டில் வாதம், முறுக்கித் தேய்க்க முடியாது. "உங்க அக்காளுக்குச் செஞ்சு விடுங்க" என்று கிண்ணத்தைக் கொண்டுவந்து நீட்டினாள். அப்படித்தான் ஆரம்பித்தது. நான்கு வருஷம், தினமும் காலையில், பட்டறைக்குப் போவதற்கு முன்னால் கால் மணி நேரம். பத்து வயது குறைந்ததா என்று கேட்டால் தெரியாது. ஆனால் கல்யாணமாகி இருபத்தேழு வருஷத்தில் பகல் வெளிச்சத்தில் அவள் முகத்தை நான் அவ்வளவு கிட்டத்தில் பார்த்ததில்லை.

கண்ணுக்குக் கீழே மோதிர விரல்தான். அதற்குத்தான் பலம் குறைவு, அந்த இடத்துத் தோலுக்கு அவ்வளவு போதும். சுகந்திக்குக் கண்ணுக்குக் கீழே கருவளையம் விழுந்திருக்கிறது. சித்திரையில் வந்தபோது இது இல்லை. சித்திரையில் இவள் இன்னும் சதையாக இருந்தாள், இல்லையா? சட்டையின் தோள்பட்டை இறங்கிக் கிடக்கிறது. மெலிந்துவிட்டாள். மெலிகிற வயதுதான், கம்பெனி வேலை, பிள்ளையின் பள்ளிக்கூடம், மாமியார். அப்படி எல்லாம் எண்ணக் கூடாது. கன்னத்தில் வட்டமாக, சின்ன வட்டம், பெரிய வட்டம். "ஏன் சாமி, எளைச்சுட்டியா?" வாய் கேட்டுவிட்டது. "டயட்டுங்க. கல்யாணத்துல போட்டோப் புடிப்பாங்கல்ல." உடனே சொன்னாள், கேள்விக்குக் காத்திருந்த மாதிரி உடனே. பிறகு சிரித்தாள். "உங்களுக்கும் நான் செஞ்சு விடறனுங்ப்பா. மினுமினுன்னு வாங்க பொள்ளாச்சிக்கு. மாப்பிள்ளை வீட்டுச் சைடுல ஒரு பெரியம்மா இருக்காங்க, தனியாத்தான் இருக்கறாங்களாம்." "அடி வாங்குவ." "நல்லாச் சமைப்பாங்களாமுங்." நானும் சிரித்தேன், கொஞ்சம் தாமதமாக. சிரிக்கும்போது அவள் கழுத்தில் தோல் அசைந்தது, பார்த்துவிட்டேன், வலது பக்கம், ஒன்றும் தெரியவில்லை, கண்ணுக்கு எதுவும் தெரியாது, லென்ஸ் வைத்துப் பார்த்தால்தான். கண்ணை எடுத்து ஜன்னலில் போட்டேன். எதிர் வீட்டு மொட்டை மாடியில் ஒரு போர்வை காய்கிறது. போர்வை. சிவப்புக் கட்டம். சிவப்புக் கட்டத்தை எண்ணலாம். இவள் ஏன் சொல்லாமல் கொள்ளாமல் வந்தாள், பிள்ளையை விட்டுவிட்டு, அழகு நிலையம் இல்லாத ஊரா திருப்பூர்?

மூக்கோரம் முடிந்தது, வாயோரம் முடிந்தது. தாடை. தாடையை ஆள்காட்டி விரலுக்கும் நடுவிரலுக்கும் நடுவில் கத்தரி மாதிரி கவ்வி, முகவாயிலிருந்து காதுவரைக்கும் இழுக்க வேண்டும், எலும்புக்கு மேலே ஒரு விரல், கீழே ஒரு விரல். கீழே போகிற விரல்தான் கழுத்தின் வாசல்படி. அந்த விரலைப் பாதி தூக்கியே வைத்துக்கொண்டு இழுக்கிறேன், புத்தகம் சொன்னபடி இல்லை, கள்ளத்தனம். துளசிக்கு இடது பக்கம். இதே மாதிரி இழுத்துக்கொண்டு போன விரல் காதுக்கு இரண்டு விரற்கடை முன்னால் நின்றது. ஆடி மாதம், செவ்வாய்க்கிழமை. எனாமலில் கீறல் வந்தால் நிற்கிற மாதிரி நின்றது. திரும்பி வந்து தொட்டேன். ஊறவைத்த கொண்டைக்கடலை அளவு. "வலிக்குதா?" "எங்க?" "இங்க." "இல்லீங்களே." வலிக்கவில்லை என்றதும் எங்கள் இரண்டு பேருக்கும் நிம்மதி. எங்கள் பக்கத்தில் காலில் முள் குத்தினால் தொடை இடுக்கில் நெறி கட்டும், தலையில் புண் வந்தால் கழுத்தில் நெறி கட்டும், எல்லோருக்கும் கட்டியிருக்கிறது, எல்லோருக்கும் கரைந்திருக்கிறது. அவளுக்கு அந்தப் பக்கம் ஒரு கடைவாய்ப்பல் சொத்தை. "நெறி கட்டியிருக்குது, பல்லுக்கு" என்றேன். விரல் அப்படிச் சொல்லவில்லை. விரல் சொன்னது வேறு. நெறி என்றால் வலிக்கும், தொட்டால் சூடு தெரியும், விரலுக்கு அடியில் வழுக்கி நகரும். இது கல் மாதிரி கிடந்தது. விரலுக்கு அந்த முதல் நிமிஷமே தெரியும், வாய்தான் நெறி என்றது. நெறிக்கு என்ன செய்வார்கள்? சுண்ணாம்பும் மஞ்சளும் குழைத்துப் போடுவார்கள், கரைய வேண்டும் என்று நீவி விடுவார்கள். நீவி விட்டேன். தினமும். முகத்துக்குக் கால் மணி, அதற்குத் தனியாக ஐந்து நிமிஷம். கட்டைவிரலை வைத்து அழுத்தி, கரை கரை என்று. ஆவணி, புரட்டாசி, ஐப்பசி. பல்லைப் பிடுங்கினோம். கரையவில்லை. கார்த்திகை, மார்கழி. கொண்டைக்கடலை நெல்லிக்காய் ஆனது. ஆறு மாதம் என் கட்டைவிரலால் நான் அதைத் தேய்த்தேன். கலைத்துவிட்டேனோ? ஓர் இடத்தில் கிடந்ததை நான்தான் நீவி நீவி உடம்பெல்லாம் அனுப்பி வைத்தேனோ? இதைக் கேட்க ஒரு வார்த்தை போதும், எந்த டாக்டரையும் கேட்கலாம், ஆறு வருஷமாகக் கேட்கவில்லை. மாவட்ட நூலகத்தில் உடல் சம்பந்தமான புத்தகங்களை எடுத்துப் படித்தேன், ரத்தம், நிணநீர், சுரப்பி, எட்டாம் வகுப்போடு நின்றவனுக்கு ஒவ்வொரு வரியும் மலைதான், ஆனாலும் படித்தேன், அந்த அத்தியாயம் வருகிற பக்கத்துக்கு முந்தின பக்கம் வரைக்கும் படித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்துவிடுவேன்.

"எத்தனை நாளா இருக்குதும்மா?" என்று கடைசியில் போன ஆஸ்பத்திரியில் டாக்டர் கேட்டார். பெரிய மேஜை, கண்ணாடிக்கு அடியில் ஒரு பிள்ளையார் படம். துளசி என்னைப் பார்த்தாள். ஒரு பார்வை, அவ்வளவுதான். "பத்து நாளாத்தானுங்க" என்றாள். நான் வாயைத் திறந்து, ஆறு மாசமுங்க, நான்தான் நெறின்னு தேய்ச்சேனுங்க என்று சொல்லியிருக்க வேண்டும். மேஜைமேல் இருந்த பிள்ளையாரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பத்து நாள் என்று எழுதிக்கொண்டார். அவர் எழுதின பேனா சத்தம் இப்போதும் கேட்கும், சில சமயம் இட்லி மாவு புளித்து மூடி தூக்கும்போது வருகிற மெல்லிய சத்தத்தில்கூடக் கேட்கும். வெளியே வந்து மரத்தடியில் நின்றபோது அவள் சொன்னாள், "அவுங்க உங்களைத் திட்டிப்போடுவாங்கன்னு பயந்துட்டனுங்க." திட்டினால் என்ன? ஆனால் அதையும் சொல்லவில்லை. பிறகு கடைசி இரண்டு மாதம் ஏதோ மாத்திரை கொடுத்தார்கள், அதில் முகம் ஊதிவிட்டது. கன்னம் நிமிர்ந்து, கழுத்துச் சுருக்கம் எல்லாம் போய், நெற்றியில் ஒரு கோடு இல்லாமல், எண்ணெய் தடவின மாதிரி மினுமினுவென்று. பார்க்க வந்த சொந்தக்காரி ஒருத்தி, "மூஞ்சி நல்லாச் சின்னப்புள்ளையாட்டம் ஆயிருக்குது, சீக்கிரம் எந்திரிச்சுக்குவா" என்றாள். துளசி கண்ணாடி கேட்டாள். எடுத்துக் கொடுத்தேன். வெகுநேரம் பார்த்தாள். "இப்ப உங்க தங்கச்சியாட்டம் இருக்கேன்ல" என்றாள். அன்றைக்கு நான் அவள் முகத்தைத் தொடவில்லை. அவள் கேட்டாள், கொஞ்சம் நீவி விடுங்களேன் என்று. எண்ணெய் தீர்ந்துவிட்டது என்றேன். அலமாரியில் முழுப் பாட்டில் இருந்தது.

"அப்பா." "என்ன சாமி?" "தாடையிலேயே நின்னுட்டீங்க." எத்தனை நேரமாக நிற்கிறேன் என்று தெரியவில்லை. எண்ணெய் காய்ந்து விரல் தோலில் பிடிக்க ஆரம்பித்திருக்கிறது. "கழுத்து வேண்டாங்கண்ணு. எனக்குக் கை வலிக்குது. முகம் போதும்." "கழுத்துதானுங்ப்பா முக்கியம். மூஞ்சிய மேக்கப்புல மறைச்சுக்கலாம், கழுத்து காட்டிக் குடுத்துரும்." குரலில் ஏதோ ஒன்று இறுகியிருக்கிறது. சொல்லிவிட்டுத் துப்பட்டாவை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள், தலையை இன்னும் பின்னால் சாய்த்தாள், கழுத்து முழுவதும் வெளிச்சத்துக்கு வந்தது. கிண்ணத்தில் விரலை விட்டேன். எண்ணெய் ஆறிப்போய்விட்டது. ஆறின எண்ணெயை வைக்கக் கூடாது, சூடு பண்ணிக்கொண்டு வா என்று சொல்லலாம், அடுப்பு பற்றவைக்க மூன்று நிமிஷம், ஆனால் அவள் நகர்வதாக இல்லை. வலது பக்கம். துளசிக்கு இடது பக்கம் என்பதால் வலது பக்கம். காறை எலும்பில் மூன்று விரலை வைத்து மேலே தள்ளினேன். லேசாக, தூசி துடைக்கிற மாதிரி. ஒன்றுமில்லை. நாடி துடிக்கிறது, வேகமாகத் துடிக்கிறது, என் விரலின் நாடியா அவள் கழுத்தின் நாடியா என்று பிரிக்க முடியவில்லை. இரண்டாவது தடவை. ஒன்றுமில்லை. லேசாகத் தொட்டால் எப்படித் தெரியும், தெரியக் கூடாது என்றுதானே லேசாகத் தொடுகிறேன். மூன்றாவது தடவை கையைப் போகவிட்டேன். போகவிட்டது நான் இல்லை, விரல்தான் போனது. பாதிக் கழுத்து ஏறி, பக்கவாட்டுத் தசையின் ஓரத்தில், நின்றது.

நின்றுவிட்டது. பட்டாணி அளவு. நரம்பாக இருக்கும். கழுத்தில் நரம்பு இல்லாத இடம் ஏது? தலையைப் பின்னால் சாய்த்திருக்கிறாள் அல்லவா, தசை முறுக்கிக்கொண்டிருக்கும். போன வாரம் சளி என்று போனில் சொன்னாள், சொன்னாளா, பிள்ளைக்குச் சளி என்று சொன்னாளா? பேன் கடியாக இருக்கும், பிள்ளை பள்ளிக்கூடத்திலிருந்து கொண்டுவந்த பேன். பல்லாக இருக்கும். வாய்க்குள் எல்லாம் வரிசையாகத் தயாராக நிற்கிறது, ஒவ்வொன்றும் பழைய வார்த்தை, ஆறு வருஷமாகத் துருப்பிடிக்காமல் இருந்திருக்கிறது, எல்லாவற்றுக்கும் முன்னால் நெறி என்ற வார்த்தை, நாக்கு நுனியில் வந்து உட்கார்ந்துவிட்டது. சொல்லிவிட்டால் போதும், இவள் சிரித்துக்கொண்டே எழுந்து முகம் கழுவுவாள், மத்தியானம் சாப்பிட்டுவிட்டு நாலு மணி பஸ்ஸுக்குப் போவாள், வியாழக்கிழமை பொள்ளாச்சியில் போட்டோவுக்கு நிற்பாள். அந்த வியாழக்கிழமை வரைக்கும் நான் மூச்சு விடலாம். விரலை எடுக்க வேண்டும். எடுத்தால் எடுத்தது தெரிந்துவிடும். அழுத்தவும் கூடாது. கட்டைவிரல் தானாக மடங்கி அங்கே வரப் பார்க்கிறது, நீவுவதற்கு, அதற்குப் பழக்கம் அது, அதைப் பிடித்து உள்ளங்கையில் மடக்கிக்கொண்டேன். எதிர் வீட்டு மாடியில் போர்வை அசைகிறது. எங்கோ பிரஷர் குக்கர் சத்தம். இவள் மூச்சு விடவில்லை. நான் அதை அப்போதுதான் கவனித்தேன். தூங்கவும் இல்லை, பேசவும் இல்லை, நெஞ்சு ஏறி இறங்கவில்லை, இமைக்குள் கருவிழி நின்றுவிட்டது, உடம்பு முழுவதும் என் விரல் நுனியைக் கேட்டுக்கொண்டிருக்கிற மாதிரி.

"அங்கதானுங்ப்பா" என்றாள்.

என்ன சொல்கிறாள் என்று புரிந்தும் புரியாத மாதிரி இருந்தேன். "பன்னெண்டு நாளாச்சு. குளிக்கறப்போ தட்டுப்பட்டுச்சு. அவருகிட்டச் சொல்லலை. அத்தைகிட்டச் சொன்னா கல்யாணம் முடியட்டும்பாங்க." கண்ணைத் திறக்கவில்லை. மூடின இமைக்குள்ளிருந்து தண்ணீர் கிளம்பி, தலைகீழாகச் சாய்ந்திருந்ததால் கன்னப்பொட்டு வழியாக ஓடித் தலைமுடிக்குள் போனது, எண்ணெயில் ஒட்டாமல் உருண்டு ஓடியது. "டயட்டுன்னு சொன்னே" என்றேன், என்ன பேச்சு இது, அந்த நேரத்தில். "சோறு எறங்கலைங்ப்பா பயத்துல. டயட்டும் இல்ல, ஒண்ணும் இல்ல. மொகமா தொங்கிப்போச்சு எனக்கு? உங்க கை பாக்கட்டும்னுதான் வந்தேன்." "என்ற கைக்கு என்ன தெரியும் சாமி?" இதுவும் பொய். "அம்மா சொல்லியிருக்குது" என்றாள். "ஆஸ்பத்திரில, நீங்க டீ வாங்கப் போயிருந்தப்போ. உங்கப்பாவுக்கு அன்னிக்கே தெரிஞ்சு போச்சு, தொட்ட ஒடனே மொகம் செத்துப் போச்சு, நான் கண்ணத் தொறந்து பாத்துட்டேன். நான் பயந்துக்குவேன்னு நெறின்னாரு. அவரு பயந்துக்குவாருன்னு நானும் ஆமான்னேன். ரெண்டு பேருமாச் சேர்ந்து ஒருத்தருக்கொருத்தரு பயந்து ஆறு மாசத்தை ஓட்டிப்போட்டோம், அவர மட்டும் குத்தம் சொல்லீராத, அப்படின்னு." அவள் துளசியின் குரலிலேயே அதைச் சொன்னாள், வேண்டுமென்று இல்லை, அந்த வார்த்தைகள் அப்படித்தான் இவளுக்குள் கிடந்திருக்கின்றன. துளசி கண்ணைத் திறந்து பார்த்திருக்கிறாள். நான் தலைக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கிறேன், என் முகம் யாருக்கும் தெரியாது என்று நான்கு வருஷம் நினைத்துக்கொண்டிருந்தேன். தலைகீழாக என்னையும் அவள் பார்த்துக்கொண்டுதான் இருந்திருக்கிறாள். ஆறு மாதமும் தெரிந்தே கழுத்தைக் கொடுத்திருக்கிறாள்.

"சொல்லுங்க" என்றாள் சுகந்தி. இப்போது கண்ணைத் திறந்துவிட்டாள். தலைகீழ்க் கண்கள், என் முகத்தைப் பார்த்துக்கொண்டு. "பொய் சொன்னா எனக்குத் தெரிஞ்சிரும். நாளைக்குக் காலைல இங்கயே ஒரு ஆஸ்பத்திரில பேரு குடுத்து வெச்சிருக்கேன். தனியாப் போக முடியலைங்ப்பா எனக்கு. இருக்குதுங்களா, இல்ல நானாப் பயந்துக்கறனா?" நாக்கு நுனியில் அந்த வார்த்தை இன்னும் உட்கார்ந்திருந்தது. விழுங்கினேன், விரலை ஒரு தடவை அசைத்துப் பார்த்தேன். "இருக்குது" என்றேன். என் குரல் எனக்கே யாரோ பேசுவது போல இருந்தது. "பட்டாணி அளவுல. கொஞ்சம் நகருது. என்னன்னு எனக்குத் தெரியாது. நல்லதாகவும் இருக்கலாம், கெட்டதாகவும் இருக்கலாம். நாளைக்கு நானும் வர்றேன். அவிங்க கேக்கறதுக்கு எல்லாம் நானே பதில் சொல்றேன், உங்கம்மாவுக்கு வந்தது, எத்தனை மாசம் இருந்தது, நான் தேய்ச்சது, எல்லாம்." நெடுநேரம் பிடித்து வைத்திருந்த மூச்சை விட்டாள், அதன் சூடு என் முன்கையில் பட்டது. நான் நினைத்தேன், எழுந்துவிடுவாள், என் தோளில் சாய்ந்து அழுவாள், அல்லது கோபித்துக்கொள்வாள், ஏன் அம்மாவிடம் இப்படிச் சொல்லவில்லை என்று. எழவில்லை. எண்ணெய்ப் பிசுக்கோடு இருந்த என் வலது கையைப் பிடித்து ஒரு தடவை அழுத்திவிட்டு விட்டாள்.

"அந்தப் பக்கமும் பாத்துருங்க" என்றாள்.

இடது பக்கம் இன்னும் தொடவில்லை. சட்டைக் கழுத்தைக் கொஞ்சம் விலக்கித் தலையை வலப்புறம் திருப்பிக் கொடுத்தாள். கிண்ணத்தில் எண்ணெய் ஒரு விரற்கடை மிச்சம். என் முகத்தை அவள் பார்த்தால் பார்த்துவிட்டுப் போகட்டும். மூன்று விரலையும் எண்ணெயில் தோய்த்து அவளுடைய இடது காறை எலும்பில் வைத்தேன். இந்தத் தடவை லேசாக இல்லை. அழுத்தமாக, ஒவ்வொரு நூலாக, மேலே ஏற்றத் தொடங்கினேன்.